மரவாத்துப் பெட்டி

போலீஸ் எங்கேயோ நின்று வேகம் பார்ப்பதை முன்கூட்டியே கத்திச் சொல்லும் பெட்டிதான் ராடார் டிடெக்டர். அதை வண்டியில் மாட்டும்போது எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. வெளியே தெரியாமல் இருக்கட்டும் என்று முன்கண்ணாடியின் அடியில், வைப்பர் மறைக்கிற இடத்தில் ஒட்டிவிடுவார்கள். அப்புறம் என் கடைக்கு வந்து, "இது சுத்த தண்டம்யா, போலீஸ் பக்கத்துல வந்து நின்னப்புறம்தான் கத்துது" என்று என் மேல் பாய்வார்கள். அதுவும் கண் மாதிரிதான். எதிரே தடையில்லாமல் சாலை தெரிய வேண்டும். பின்னால் வருவதைப் பார்க்கிற உள்கண்ணாடிக்குச் சற்றுக் கீழே, தரைக்கு மட்டமாக, மேல்விளிம்பில் இருக்கிற கறுப்புப் பட்டையில் படாமல் வைக்க வேண்டும். நான் மாட்டியது எதுவும் இதுவரை கழன்று விழுந்ததில்லை. ஓடையில் விழுந்த வண்டியிலும் அது வைத்த இடத்தில்தான் இருந்தது. உங்கள் மேசையில் பிளாஸ்டிக் பையில் கிடக்கிறதே, மிஸ் ரஸ்க், அதைத்தான் சொல்கிறேன்.

வக்கீல் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. காப்பிக்கு நன்றி. கொஞ்சம் ஆறிப்போய்விட்டது, பரவாயில்லை.

என் பெயர் மெர்ல் டெஸ்மர். ஊருக்குள் மரக்கடைக்கு எதிரே வண்டிச் சாமான் கடை வைத்திருக்கிறேன். ரேடியோ, சூடேற்றும் இருக்கை, வீட்டுக்குள்ளிருந்தே பொத்தானை அழுத்தி வண்டியைக் கிளப்பும் ரிமோட் ஸ்டார்ட்டர், டிடெக்டர், எல்லாம் மாட்டுவேன். விஸ்கான்சின் குளிரில் ரிமோட் ஸ்டார்ட்டர் இல்லாத வண்டி வண்டியே இல்லை. உங்கள் போலீஸ் ஆட்களிலேயே பாதிப் பேர் வண்டிக்கு நான்தான் போட்டுக் கொடுத்தேன். மனைவி லொரெய்ன் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் கிரெட்சன். அவள் வீடு ஓடைக்கு அந்தப் பக்கம், மேட்டுக்கு மேலே. அந்த நிலத்தைக் கல்யாணப் பரிசாகக் கொடுத்தது நான். அங்கிருந்து ஊருக்குப் போக வேறு வழி கிடையாது. மேட்டிலிருந்து இறங்கி, பாலத்தைத் தாண்டி, என் சமையலறை ஜன்னலைக் கடந்துதான் போக வேண்டும். நிலத்தைக் கொடுக்கும்போது அதையெல்லாம் யோசிக்கவில்லை. அமைந்துவிட்டது.

அவள் கணவன் ட்ராய் பால் கறக்கும் இயந்திரங்கள் விற்கிறவன். விற்றவன் என்று சொல்ல வேண்டும், இல்லையா. கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், மகள் எல்சியைத் தரையில் விடாமல் தூக்கி வைத்துக்கொள்வான். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் அவனுக்குத் தலைகால் புரியாது. மேட்டிலிருந்து அந்தப் பெரிய டிரக் இறங்குகிற சத்தம் கேட்டால் என் அலமாரியில் கோப்பைகள் ஆடும். அந்த வேகத்தில் பின்சீட்டில் என் பேத்தி. ஐந்து வயது.

சொல்லிப் பார்த்தேன். "அப்பா, அவர் ஓட்டுற மாதிரிதான் எல்லாரும் ஓட்டுறாங்க, விடுங்க" என்பாள் கிரெட்சன். ஊர்ச் சபைக்குப் போனேன். பாலத்துக்கு முன்னால் ஒரு வேகப் பலகை வையுங்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து கேட்டேன். தலையை ஆட்டினார்கள். கிணற்றில் போட்ட கல்தான். அதற்கப்புறம் நான் எழுந்தாலே காகிதத்தை அடுக்க ஆரம்பித்தார்கள். பனிக்காலத்தில் அந்தப் பாலத்தில் பனி உருக உப்புப் போடக்கூட யாரும் வர மாட்டார்கள். பனி தள்ளுகிற நோர்பர்ட் எல்லாப் பெரிய சாலைகளையும் முடித்துவிட்டு, காலைச் சாப்பாட்டையும் முடித்துவிட்டுத்தான் எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பான். சாலை காய்ந்திருக்கும்போதும் பாலம் உறைந்திருக்கும். கீழே காற்று அடிக்கிறது அல்லவா. அதனால் நானே ஒரு வாளி மணலைப் பாலத்தின் முனையில் வைத்து, குளிர்காலக் காலைகளில் வண்டிகள் வழுக்காமல் இருக்கப் போய்த் தூவிவிட்டு வருவேன். எத்தனையோ வருடமாக. எங்கள் சாலையில் எல்லோருக்கும் அது தெரியும். யாரும் ஒரு நன்றி சொன்னதில்லை. மணல் தானாக வந்து விழுகிறது என்று நினைத்துக்கொண்டார்கள் போல.

அரிசோனா பேச்சு வந்தது இலையுதிர்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை மாலைகளில் மூன்று தலைமுறையும் ஒன்றாக மீன் வறுவல் சாப்பிடப் போவது எங்கள் வழக்கம். தட்டு வந்ததுமே ட்ராய் கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"மெர்ல், அங்க ஒரு பெரிய பண்ணைக் கம்பெனியில கூப்பிட்டிருக்காங்க. ஃபீனிக்ஸ் பக்கம். மார்ச்ல போய்ச் சேரணும்."

"தனியாவா?" என்று கேட்டேன்.

கிரெட்சன் சிரித்தாள். "என்னப்பா கேள்வி இது? குடும்பத்தோடதான். எல்சிக்கு அங்க ஸ்கூல்கூடப் பாத்தாச்சு."

"அங்க பனியே கிடையாது தாத்தா," என்றாள் எல்சி. "வீட்டுக்குப் பின்னாடி நீச்சல் குளம்."

நான் உருளைக்கிழங்கைத் தின்றேன். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் என்றால் போவார்கள்தான். அவர்கள் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, கடைசியாக, மீன் ஆறுவதற்குள் சொல்லிவிடலாம் என்று எனக்குச் சொன்னார்களே, அதுதான் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

கிளம்பும்போது வாகன நிறுத்தத்தில் ட்ராய் என் தோளில் கை போட்டான். "பெரியவரே, அரிசோனா வரைக்கும் ஏகப்பட்ட மைல். ஒரு நல்ல டிடெக்டரா பாத்து மாட்டிக் குடுங்க. ஒரே மிதி, போய்ச் சேந்துடலாம்." என் மகளையும் பேத்தியையும் வேகமாகக் கொண்டுபோவதற்கு என்னிடமே சாமான் கேட்டான். நகைச்சுவையாகத்தான் சொன்னான். நானும் சிரித்தேன்.

கடையிலேயே நல்லதைத்தான் எடுத்துக் கொடுத்தேன். அலை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அம்புக்குறி காட்டுகிற வகை. மற்றவர்கள் வயரைத் தொங்கவிட்டு சிகரெட் லைட்டர் துளையில் செருகுவார்கள். பள்ளத்தில் வண்டி குதித்தால் கழன்றுவிடும். நான் உள்கண்ணாடிக்குப் போகும் மின்கம்பியிலிருந்தே எடுத்து, கூரைத் துணிக்குள் மறைத்து இழுத்தேன். ட்ராய் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு எல்லாம் விளக்கினேன். பெட்டிக்குள் இரண்டு வகை அலைகள்தான் முக்கியம். ஒன்று, கடை வாசலில் தானாகத் திறக்கும் கதவுகள் விடுகிற அலை; புது கார்களின் பக்கவாட்டு எச்சரிக்கையும் அதையேதான் விடும். அது மருந்துக்கடையைத் தாண்டும்போதெல்லாம் சும்மா கத்தும். இரண்டு மூன்று முறை ஒரே இடத்தில் கேட்டால் பெட்டியே அதைப் பொய் என்று கற்றுக்கொண்டு வாயை மூடிவிடும். இன்னொன்று போலீஸ் அலை. இந்த மாவட்டத்தில் உங்கள் ஆட்களைத் தவிர அதை யாரும் விடுவதில்லை. அதற்கு மட்டும் தனியாக ஒரு சத்தம் வைத்தேன், காதைக் கிழிக்கிற மாதிரி. நான் கடையில் சோதிப்பதற்கு வண்டி வேகம் அளக்கிற ஒரு பழைய ராடார் துப்பாக்கி வைத்திருக்கிறேன். பக்கத்து ஊர் போலீஸ் கழித்துப்போட்டது. அதை வண்டிக்கு எதிரே பிடித்து அழுத்திக் காட்டினேன். ட்ராய் துள்ளி எழுந்து கூரையில் தலையை இடித்துக்கொண்டான்.

"செத்தவன்கூட எழுந்து பிரேக் போடுவான் போலிருக்கே," என்றான். பிறகு டாஷ்போர்டைத் தட்டிக் கொடுத்தான். "இனிமே எவன் என்னைப் பிடிப்பான்?"

பார்த்தீர்களா, இதுதான் இவர்களிடம் பிரச்சினை. டிடெக்டர் வாங்குகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான். அது கத்தினால் மெதுவாகப் போக வேண்டும் என்பதைவிட, அது கத்தாதவரைக்கும் எப்படி வேண்டுமானாலும் போகலாம் என்பதுதான் அவர்கள் மண்டையில் ஏறும். மாட்டிய மறுநாளே அவன் இன்னும் வேகமாக மேட்டிலிருந்து இறங்கினான். நான் கழுவித் துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலில் நின்றேன். அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. ஊர்ச் சபை வைக்காத பலகையை நானே வைத்தால் என்ன?

ஓடைக் கரையில் மரவாத்துக்கு ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். கம்பத்தின் மேல் மரப்பெட்டி. வசந்தத்தில் வாத்து வந்து முட்டையிடும். குளிர்காலத்தில் காலி. ராடார் துப்பாக்கியை அதற்குள் மேட்டைப் பார்த்து வைத்தேன். ஈரமான பலகை அலையை விழுங்கும் என்பதால் முன்பக்கத்தை எடுத்துவிட்டு, ஐஸ்கிரீம் வாளியின் பிளாஸ்டிக் மூடியை வெட்டிப் பொருத்தி மரநிறம் பூசினேன். ஒரு கார் பேட்டரி, ஒரு ரிமோட் ஸ்டார்ட்டர். பொத்தான் என் சமையல் ஏப்ரன் பைக்குள். ஒரு தடவை அழுத்தினால் துப்பாக்கி விழிக்கும், கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் தூங்கும். இதில் சட்டவிரோதம் ஏதாவது இருந்தால் அதற்கு அபராதம் கட்டத் தயார். சாலை போடுகிறவர்களே இப்படி வெற்று அலையை விட்டு வண்டிகளை அடக்குவது உண்டு.

முதல் நாள் மேட்டின் உச்சியில் டிரக் தலைகாட்டியதுமே அழுத்தினேன். வண்டியின் மூக்கு தரையை முட்டுகிற மாதிரி குனிந்தது. அப்புறம், நீங்கள் பார்த்திருக்க வேண்டும், ஏதோ தேவாலயத்துக்குப் போகிறவன் மாதிரி பாலத்தில் ஊர்ந்து போனான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எத்தனை வருட மனு, எத்தனை கூட்டம். எல்லாவற்றையும் ஒரு பொத்தான் செய்துவிட்டது.

ஆனால் அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. சத்தம் வந்தால் பிரேக்கை மிதிப்பான், வராவிட்டால் பறப்பான். வேகத்தைக் குறைக்க அவன் கற்றுக்கொள்ளவே இல்லை. சத்தம் கேட்டால் மிதிக்க மட்டும்தான் கற்றுக்கொண்டான். யோசனையே கிடையாது, கண் சிமிட்டுகிற மாதிரி கால் இறங்கும். ஜனவரி முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் செய்யவில்லை. சலித்துப்போகக் கூடாது என்று இரண்டு நாள் விட்டுவிட்டு, ஒரு காலையில், ஒரு சாயங்காலத்தில் என்று மாற்றி மாற்றிச் செய்தேன்.

நோர்பர்ட்கூடக் கவனித்துவிட்டான். பனிவண்டியை என் வாசலில் நிறுத்தி ஜன்னலை இறக்கினான். "ஏம்ப்பா மெர்ல், உன் மருமவன் உன் வீட்டைக் கண்டா மட்டும் குனிஞ்சு கும்பிடு போடுறானே. அவ்வளவு மரியாதையா உன் மேல?"

"நல்லா வளத்திருக்கேன்," என்றேன்.

பிப்ரவரியில் ஒருநாள் ட்ராய் கடைக்கு வந்தான். "பெரியவரே, உங்க வீட்டுகிட்ட மட்டும் இது பொய்யா கத்துது. அந்த எடத்தை மறந்துடுன்னு இதுக்குச் சொல்லிக் குடுத்துடலாமா?"

அவன் கேட்டது நியாயம்தான். பொய்ச் சத்தம் வருகிற இடத்தைப் பொத்தானை அழுத்தி அடைத்துவிடலாம். ஆனால் போலீஸ் அலையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அடைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. அதைத்தான் சொன்னேன். கூடவே, "பொய்யின்னு யார் சொன்னா? அந்த கோல்பி பய நோர்பர்ட்டோட கொட்டகைக்குப் பின்னாடி வண்டிய ஒளிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். நானே பாத்தேன்" என்றேன். உங்கள் இளம் போலீஸ்காரன் கோல்பியிடம் இதற்காக மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லிவிடுங்கள். அவன் அங்கே ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

"அடப்பாவி," என்றான் ட்ராய். "கடைசி மாசத்துல லைசென்ஸை இழக்கவா? நீங்க சொன்னது நல்லதாப் போச்சு." என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான்.

இதற்கிடையே கிரெட்சனிடம் ஒரு தடவை பேசிப் பார்த்தேன். என் வீட்டு மாடியறையில் புதிய ஹீட்டர் போட்டிருந்தேன், எல்சிக்கு அலமாரி அடித்திருந்தேன். ட்ராய் முன்னால் போய் வேலையில் காலூன்றட்டும், நீங்கள் இருவரும் இங்கே இருந்துவிட்டு ஒரு வருடம் கழித்துப் போங்கள் என்றேன். இதில் என்ன தப்பு? அவள் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"நாங்க எப்பப் போறோம், எப்ப வர்றோம், யார் வண்டி ஓட்டுறாங்க, எல்லாத்தையும் அந்த ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டே இருக்கீங்க. எனக்கு மூச்சு முட்டுதுப்பா. அரிசோனா வேலையைத் தேடினது ட்ராய் இல்ல. நான்தான்."

அவன் சொல்லிக்கொடுத்துதான் அப்படிப் பேசினாள் என்பது எனக்குத் தெரியும். என் மகள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. நான் டேப்பை வெட்டிக் கொடுத்தேன். அன்று முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தேன், அதை ஒத்துக்கொள்கிறேன். ஒரு மனிதனுக்கு எரிச்சல் வரக்கூடாதா?

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். நீங்கள் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள்.

சனிக்கிழமை அவர்கள் கிளம்புவதாக இருந்தது. வியாழன் காலை ட்ராய் ஊருக்குப் போய் வாடகை லாரியை எடுத்து வர வேண்டும். முந்தைய நாள் பகலில் பனி உருகி, ராத்திரி திரும்பவும் குளிர் இறுக்கியிருந்தது. காலையில் கிரெட்சனுக்குப் போன் போட்டேன். நீயும் கூடப் போகிறாயா என்று கேட்டேன். இல்லை, சாமான் கட்ட வேண்டும், அவர் மட்டும் போகிறார் என்றாள். அப்படியானால் எல்சியை என்னிடம் விடு, உன் காலைச் சுற்றாமல் இருப்பாள், பான்கேக் சுட்டுத் தருகிறேன் என்றேன். "தேங்க்ஸ்ப்பா," என்றாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்பாகப் பேசினாள். நான் போய் எல்சியைக் கூட்டிவந்தேன்.

அன்று மணல் தூவவில்லை. அதைத்தானே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்? முதுகுவலி. குனிந்து நிமிர முடியவில்லை. பாலம் அவ்வளவு மோசமாக உறைந்திருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? மணல் போடுவது என் வேலையா, ஊர்ச் சபையின் வேலையா? அவர்களை இந்த நாற்காலியில் உட்கார வைத்துக் கேளுங்கள்.

எல்சி ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். நான்தான் அந்தப் பக்கம் நாற்காலியைப் போட்டேன். வெயில் கண்ணில் அடிக்கும். முதல் பான்கேக்கை ஊற்றினேன். மேட்டில் டிரக்கின் சத்தம் கேட்டது. கோப்பைகள் ஆடின. என் கை ஏப்ரன் பைக்குள் இருந்தது.

மற்ற நாட்களில் மேட்டின் உச்சியில் தலை தெரிந்ததுமே அழுத்துவேன் என்று சொன்னேன் அல்லவா. அங்கே சாலை காய்ந்திருக்கும், நேராக நிற்க இடம் இருக்கும். அன்று அழுத்தவில்லை. அவன் இறங்கட்டும் என்று பொறுத்திருந்தேன். முன்சக்கரம் பாலத்தில் ஏறியது. அப்போது அழுத்தினேன்.

அவன் மிதித்தான். நான் அழுத்தினேன், அவன் மிதித்தான், அவ்வளவுதான். நான் அவனைத் தொடவே இல்லை. மிதிக்காமல் இருந்திருந்தால் அதே வேகத்தில் நேராகத் தாண்டிப் போயிருப்பான்.

கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ஒன்று சொல்லி அனுப்புவேன். பையன்களுக்கு, கிழவிகளுக்கு, பாதிரியாருக்குக்கூட. சத்தம் வந்தால் முதலில் வேகமுள்ளைப் பார், அப்புறம் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடு, பிரேக்கை மட்டும் தொடாதே, குளிர்காலத்தில் தொடவே தொடாதே, பனியில் பிரேக் பிடித்தால் வண்டி வழுக்கிக்கொண்டு போய்விடும். ட்ராய்க்கு மற்றதெல்லாம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. "யோசிக்காதே, மிதி" என்று சொன்னேன். அது மாட்டிக் கொடுத்த அன்றைக்கே, இலையுதிர்காலத்தில், மீன் வறுவலுக்கு அடுத்த வாரம். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வாய்க்கு வந்தது, சொன்னேன்.

டிரக் பாலத்தின் கைப்பிடியை உடைத்துக்கொண்டு மூக்கு கீழாக ஓடைக்குள் போனது. பெரிய சத்தம் இல்லை. எல்சி, "என்ன தாத்தா அது?" என்றாள். "நோர்பர்ட் மாமா பனி தள்ளுறார்" என்றேன். வாணலியில் பான்கேக் ஒரு பக்கம் வெந்திருந்தது. அதைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் போனை எடுத்தேன். கருகினால் அவள் சாப்பிட மாட்டாள். அவள் பாகு கேட்டாள், ஊற்றிக் கொடுத்தேன். தொலைக்காட்சியைப் போட்டுவிட்டேன். போர்வையை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினேன். ஓடினேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

கோல்பிதான் முதலில் வந்தான். தண்ணீர் இடுப்பளவுதான், இறங்கிவிட்டான். ட்ராயின் கழுத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டு மேலே என்னைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டினான். அப்போதும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. வண்டி தலைகுப்புறக் கிடக்கிறது, கண்ணாடி முழுக்க விரிசல் விட்டிருக்கிறது, என் டிடெக்டர் மட்டும் வைத்த இடத்தில் உட்கார்ந்து போலீஸ், போலீஸ் என்று கத்திக்கொண்டிருக்கிறது. என் வயர் வேலை அப்படி. வேறு எவன் மாட்டியிருந்தாலும் முதல் இடியிலேயே அது செத்திருக்கும்.

"நான் ராடாரைப் போடவே இல்லையே," என்றான் கோல்பி. யாரிடமும் கேட்காமல், தனக்குத்தானே. பிறகு அதன் முகத்தைக் குனிந்து பார்த்தான். அம்புக்குறி. நல்ல வகையாகப் பார்த்துத்தான் கொடுத்தேன் என்று சொன்னேனே. அது காட்டிய பக்கம் நிமிர்ந்து பார்த்தான். வாத்துப் பெட்டியைப் பார்த்தான். அப்புறம் ஏப்ரனோடு நின்ற என்னைப் பார்த்தான்.

பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்திருந்தால் போதும், துப்பாக்கி தூங்கியிருக்கும். பாகு, போன், போர்வை என்று ஓடியதில் மறந்துவிட்டேன். மாதக்கணக்காக ஒரு தடவைகூட அணைக்க மறக்காதவன். இந்த வயதில் இவ்வளவையும் ஒருத்தன் எப்படி நினைவில் வைத்துக்கொள்வான், சொல்லுங்கள்.

கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். தலைகீழாக இருந்தாலும் எனக்குப் படிக்கத் தெரிகிறது. உங்கள் இஷ்டம். வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் எண்ணம். எல்லோரும் எதற்கு இவ்வளவு அவசரப்படுகிறார்கள் என்றுதான் நான் கேட்டேன். ஒரு வருடம் பொறுத்திருந்தால் யாருக்கு என்ன கெட்டுவிடும்?

கிரெட்சன் என்னைப் பார்க்க மறுத்துவிட்டாள் என்கிறீர்கள். அடக்கம் முடிந்ததும், அதே வாடகை லாரியில், எல்சியைக் கூட்டிக்கொண்டு அரிசோனாவுக்கே போகப்போகிறாள் என்கிறீர்கள். அவளுக்கு இப்போது மனசு சரியில்லை. கொஞ்ச நாளானால் தெளிந்துவிடும். மாடியறையில் ஹீட்டர் போட்டுவைத்திருக்கிறேன், கொஞ்சம் சூடேற நேரம் பிடிக்கும் என்று மட்டும் சொல்லுங்கள். பூட்டுச் சாவி பின்வாசல் பூத்தொட்டிக்கு அடியில்.

அப்படியும் பிடிவாதமாகக் கிளம்பினால், நோர்பர்ட்டிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். லாரி கனமானது, அவள் ஓட்டிப் பழக்கமில்லாதவள், அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அவன் முதலில் போய்த் தூவட்டும். வாளி அங்கேயே, முனையில்தான் இருக்கிறது, நிறைய மணல். நான் அதைத் தொடவே இல்லை. வியாழக்கிழமை காலை எல்சியைத் தோளில் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டித்தான் வந்தேன். பாலம் முழுக்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. குழந்தை விழுந்துவிடக் கூடாதே என்று கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்துத்தான் நடந்தேன்.